அடிக்கணக்கும் அண்டைநிலமும்: மாசசூசெட்ஸ் ஊர் நலவாழ்வு வாரியங்களும் கழிவுநீர்த் தொட்டி விதித்தளர்வுகளும் (1850–2023)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பொதுக் கழிவுநீர்க் குழாய் எட்டாத வீடுகளின் கழிவுநீர்த் தொட்டி அமைப்புகளை ஒழுங்குபடுத்தும் முதன்மைப் பொறுப்பு ஊர் நலவாழ்வு வாரியங்களிடம் உள்ளது. பழுதுற்ற அமைப்பை மேம்படுத்த முனையும் வீட்டு உரிமையாளரின் மனைக்கு மாநில விதியின் அளவுகள் பொருந்தாதபோது, வாரியம் விதித்தளர்வு வழங்கலாம். இத்தளர்வு அதிகாரம் உருவாகி நிலைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. விதி தோன்றுவதற்கு முன்பே பிரிக்கப்பட்ட சிறு மனைகளை விதியோடு இணைத்துக்கொள்ளும் வழியாகத் தளர்வு பயன்பட்டது என்பதையும், ஒவ்வொரு மனையையும் தனித்தே மதிப்பிட்ட அம்முறை கழிமுகங்களில் நைட்ரஜன் சேர்வதைக் கணக்கில் கொள்ள இயலாமற்போனது என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நலவாழ்வு வாரியம், கழிவுநீர்த் தொட்டி, விதித்தளர்வு, ஐந்தாம் தலைப்பு, கேப் காட், நைட்ரஜன், நிலத்தடி நீர்.

முன்னுரை

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 351 நகரங்களும் ஊர்களும் உள்ளன. மாவட்ட நிர்வாகம் வலுவற்ற அம்மாநிலத்தில், பொது நலவாழ்வு தொடர்பான அன்றாட அதிகாரம் பெரும்பாலும் ஊர் அளவிலேயே தங்கியுள்ளது. ஊர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோ ஊராட்சியால் அமர்த்தப்பட்டவர்களோ மூவர் அல்லது ஐவர் கொண்ட வாரியம் பொதுமக்கள் முன்னிலையில் கூடுகிறது. அக்கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் உணவகங்களின் உரிமம், வாடகை வீடுகளின் தகுதி, தொற்றுநோய் அறிக்கை முதலியவற்றோடு அடிக்கடி இடம்பெறும் பொருள், கழிவுநீர்த் தொட்டி மேம்பாட்டுக்கான விதித்தளர்வு விண்ணப்பம் ஆகும்.

அமெரிக்கக் கழிவுநீர் வரலாற்றை எழுதியோர் பெரிதும் நகரங்களையே நோக்கினர். ஜோயல் டார், மார்ட்டின் மெலோசி ஆகியோரின் ஆய்வுகள், கழிப்பறைக் குழிகளிலிருந்து நிலத்தடிக் குழாய் வலைக்கு நகரங்கள் மாறியதை விரிவாக விளக்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்களில் கழிவுநீர்த் தொட்டிகள் பெருகியதையும் அவற்றின் பழுது சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்கு ஒரு தூண்டுகோலானதையும் ஆடம் ரோம் 2001இல் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டியது. இவ்வாய்வுகளில் விதி உருவான கதை உண்டு. விதியை மனை மனையாகப் பொருத்திய உள்ளூர் வாரியத்தின் பணி போதிய கவனம் பெறவில்லை. விதி எழுதப்பட்ட நாளுக்கும் அது ஒரு வீட்டின் பின்புறத்தில் செயற்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட அப்பணியே இக்கட்டுரையின் ஆய்வுக்களம்.

வாரியங்களின் தோற்றம்

தொற்றுநோய்த் தடுப்பே வாரியங்களின் தொடக்க நோக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மாநிலச் சட்டமன்றம் ஊர்களுக்கு இத்தகைய அமைப்புகளை நிறுவும் அதிகாரம் அளித்தது. பாஸ்டன் நகரில் 1799இல் அமைந்த வாரியத்துக்கு, விடுதலைப் போரில் புகழ்பெற்ற வெள்ளிக் கொல்லரான பால் ரெவியர் தலைமை ஏற்றார். கப்பல்களைத் தனிமைப்படுத்துதல், தெருக் கழிவை அகற்றுதல், நாற்றம் எழுப்பும் தொழில்களை ஒதுக்கி வைத்தல் ஆகியன அக்காலப் பணிகள். அண்டை வீட்டாருக்குக் கேடு விளைவிப்பதைத் தடுத்தல் என்னும் பழைய சட்டக் கருத்தே அவற்றின் அடிப்படை.

லெமுவல் ஷட்டக் தலைமையிலான குழு 1850இல் அளித்த அறிக்கை, மாநில அளவில் ஒரு வாரியமும் ஒவ்வொரு நகரத்திலும் ஊரிலும் ஒரு வாரியமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறப்பு, இறப்பு, நோய் ஆகியவற்றின் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஊர்களின் நிலையை ஒப்பிட வேண்டும் என்பது அதன் அணுகுமுறை. சட்டமன்றம் உடனடியாக அதனை ஏற்கவில்லை. ஷட்டக் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1869இல்தான் மாநில நலவாழ்வு வாரியம் உருவாயிற்று. ஹென்றி இங்கர்சால் பவ்டிச் அதன் முதல் தலைவர்.

அன்று முதல் இரு வகை அறிவுகள் அருகருகே இயங்கின. மாநில வாரியம் அளவீடுகளையும் சோதனைகளையும் முன்னெடுத்தது. ஊர் வாரியம் ஊரையும் அதன் மனைகளையும் நேரில் அறிந்திருந்தது. பின்னாளில் தளர்வு விசாரணையில் ஒரே மேசையில் சந்திக்கவிருந்தவை இவ்விரு அறிவுகளே.

தொட்டியும் மண்ணும்

மெரிமாக் ஆற்றங்கரையில் உள்ள லாரன்ஸ் நகரில் 1887இல் மாநில வாரியம் ஒரு சோதனை நிலையத்தைத் தொடங்கியது. ஹைரம் மில்ஸ் வழிகாட்டலில் அங்கு நடந்த ஆய்வுகள், மணற்படுகையின் மீது கழிவுநீரை இடைவெளி விட்டுப் பாய்ச்சினால் மணலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைத் தூய்மையாக்கும் என்று காட்டின. கழிவிலுள்ள அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதே தூய்மையாக்கம் நிகழ்ந்ததற்கான அடையாளமாகக் கொள்ளப்பட்டது. குடற்காய்ச்சல் அச்சுறுத்திய அக்காலத்தில் நைட்ரேட் ஒரு நற்குறி. நூறாண்டுக்குப் பின் அதே மாநிலத்தில் அதே சேர்மம் குற்றக்குறியாக மாறியது இவ்வரலாற்றின் முதன்மைத் திருப்பம் எனலாம்.

வீட்டளவிலான தொட்டி ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரான்சின் ழான் லூயி மூரா உருவாக்கிய மூடிய தொட்டி 1881இல் காப்புரிமை பெற்றது. இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் டொனால்ட் கேமரூன் 1890களின் நடுப்பகுதியில் அமைத்த தொட்டியால் ‘செப்டிக் டேங்க்’ என்னும் பெயர் பரவியது. இவ்வமைப்பின் செயல்முறை எளியது. வீட்டிலிருந்து வரும் கழிவில் கனமானவை தொட்டியின் அடியில் கசடாகத் தங்கும். கொழுப்பு மேலே மிதக்கும். இடையிலுள்ள நீர் பகிர்வுப் பெட்டியின் வழியாக உறிஞ்சு படுகைக்குச் சென்று மண்ணுள் இறங்கும். தொட்டி செய்வது பிரித்தல் மட்டுமே. தூய்மையாக்கும் வேலை மண்ணுடையது.

ஆகவே மண்ணை அளப்பது இன்றியமையாததாயிற்று. நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரையன் 1920களில் வகுத்த உறிஞ்சுதிறன் சோதனை இதற்கு வழிகாட்டியது. நிலத்தில் குழி வெட்டி, நீர் நிரப்பி, நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பதே அச்சோதனை. நடுவண் அரசின் பொது நலவாழ்வுத் துறை 1957இல் வெளியிட்ட கையேடு இம்முறையை நாடெங்கும் பரப்பியது. நீர் விரைவாக இறங்கும் மண் நல்ல மண் என்னும் கருத்து வேரூன்றியது. விரைந்து இறங்கும் நீர், தூய்மையடையப் போதிய காலம் பெறாமலே நிலத்தடி நீரைச் சேரக்கூடும் என்பது அச்சோதனையின் விடையில் தெரியாது.

விதித்தொகுப்பின் உருவாக்கம்

மாநில நலவாழ்வு விதித்தொகுப்பின் பதினோராம் பிரிவாக 1960களில் இருந்த குறைந்தபட்ச விதிகள், 1970களில் சுற்றுச்சூழல் நிர்வாகத்தின் கீழ் மாற்றப்பட்டன. மாநிலச் சுற்றுச்சூழல் விதித்தொகுப்பின் ‘டைட்டில் ஃபைவ்’, அதாவது ஐந்தாம் தலைப்பு, இவ்வாறு உருவாயிற்று. அதன் முதல் வடிவம் இன்றும் 1978 விதித்தொகுப்பு என்றே குறிப்பிடப்படுகிறது. நலவாழ்வு என்னும் சொல்லிலிருந்து சுற்றுச்சூழல் என்னும் சொல்லுக்கு விதி இடம்பெயர்ந்தபோதும், அதனைச் செயற்படுத்தும் கை மாறவில்லை. ஊர் நலவாழ்வு வாரியமே அப்பொறுப்பில் நீடித்தது.

புதிதாகக் கட்டப்படும் வீடுகளை நோக்கியே தொடக்ககால விதிகள் அமைந்தன. ஏற்கெனவே நிலத்துள் இருந்த தொட்டிகளும் கழிவுநீர்க் குழிகளும், நாற்றமோ கசிவோ வெளிப்படும்வரை எவர் கண்ணிலும் படவில்லை. 1995 மார்ச் 31இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்நிலையை மாற்றியது. வீடு விற்கப்படுவதற்கு முந்திய இரண்டாண்டுகளுக்குள் அதன் கழிவுநீர் அமைப்பு ஆய்வு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது பொது விதியாயிற்று. பழுது கண்டறியப்பட்டால் பொதுவாக இரண்டாண்டுகளுக்குள் மேம்படுத்த வேண்டும்.

இத்திருத்தம் பழுது என்னும் சொல்லுக்குப் புதிய வரையறை தந்தது. கழிவுநீர் வீட்டுக்குள் திரும்புதல், நிலத்தின் மேல் வெளிப்படுதல், ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் தொட்டியைக் காலி செய்ய வேண்டிவருதல் ஆகியவை எவரும் ஒப்பும் பழுதுகள். அவற்றோடு, உறிஞ்சு படுகையின் எப்பகுதியேனும் நிலத்தடி நீரின் உயர்மட்டத்துக்குக் கீழே இருப்பதும், தனியார் குடிநீர்க் கிணற்றுக்கு 50 அடிக்குள் இருப்பதும் பழுது என அறிவிக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகளாக ஒரு தொல்லையும் தராத அமைப்பும் இவ்வரையறையின்படி பழுதுற்றதாகும். உரிமையாளரின் அனுபவத்துக்கும் விதியின் அறிவுக்கும் இடையே இங்குத்தான் விரிசல் தோன்றியது. ஓய்வுபெற்று வீட்டை விற்க முனைந்தவரும், பெற்றோரின் வீட்டைப் பெற்ற வாரிசும் எதிர்பாராத பெருஞ்செலவோடு வாரியத்தின் முன் வந்து நின்றனர்.

மனையின் அளவும் விதியின் அளவும்

ஐந்தாம் தலைப்பின் இடைவெளிகள் எளிய எண்களில் உள்ளன. உறிஞ்சு படுகை மனை எல்லைக்கு 10 அடி, நிலவறைச் சுவருக்கு 20 அடி, சதுப்பு நிலத்துக்கு 50 அடி, தனியார் குடிநீர்க் கிணற்றுக்கு 100 அடி தள்ளி இருக்க வேண்டும். படுகையின் அடிப்பகுதிக்கும் நிலத்தடி நீரின் உயர்மட்டத்துக்கும் இடையே பொதுவாக 4 அடியும், நீர் விரைந்து இறங்கும் மண்ணில் 5 அடியும் வேண்டும். தொட்டியின் குறைந்தபட்சக் கொள்ளளவு 1,500 கேலன், அதாவது ஏறத்தாழ 5,700 லிட்டர்.

இவ்வெண்களைத் தரையில் வரைந்து பார்த்தால் அவற்றின் பொருள் புலப்படும். ஒரு கிணற்றைச் சுற்றி 100 அடி ஆரத்தில் வட்டமிட்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 31,400 சதுர அடி. ஐந்தாம் தலைப்பு தன் கணக்குகளுக்கு ஓர் ஏக்கரை 40,000 சதுர அடி எனக் கொள்கிறது. ஆக ஒரே கிணற்றின் வட்டம் அத்தகைய ஏக்கரில் முக்காற்பங்குக்கும் மேல். 50 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட ஒரு மனையை எண்ணுக. அதன் பரப்பு 5,000 சதுர அடி. தன் கிணற்றின் வட்டத்துக்கு வெளியே அம்மனையில் படுகைக்கு இடமே இராது. இருபுறத்து அண்டை மனைகளின் கிணறுகளும் அதன்மேல் தத்தம் வட்டங்களை வீசியிருக்கும். கடலோரத்தில் கோடைக் குடில்களுக்காகப் பிரிக்கப்பட்ட மனைகளில் இத்தகைய நெருக்கடி பரவலாக உண்டு.

இந்நிலைக்கு 1995 விதி இரு வழிகளைத் திறந்தது. முதலாவது, உள்ளூர் மேம்பாட்டு ஒப்புதல். புதுக் கட்டடம் அல்லாத, நீரோட்டத்தை உயர்த்தாத மேம்பாடுகளுக்கு, பட்டியலிடப்பட்ட சில அளவுகளை வாரியம் குறைக்கலாம். எல்லைக்கும் நிலவறைக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கலாம். படுகையின் பரப்பை 25 விழுக்காடு வரை குறைக்கலாம். நிலத்தடி நீருக்கு மேலான 4 அடியை 3 அடியாகவும் 5 அடியை 4 அடியாகவும் ஆக்கலாம். எனினும் விதியிலிருந்து விலகும் அளவு இயன்றவரை சிறிதாக இருக்க வேண்டும். இயன்ற உச்ச அளவுக்கு விதியை ஒட்டி நிற்றல் என்பதே இதன் கோட்பாடு.

இரண்டாவது வழிதான் விதித்தளர்வு. மேற்கூறிய பட்டியலுக்குள்ளும் அடங்காத மனைக்கு இது பயன்படுகிறது. எல்லா வழிகளும் அடைபட்டால், கழிவுநீரை மண்ணில் விடாமல் முழுதும் சேமித்து லாரியில் அகற்றும் மூடிய தொட்டி இறுதிப் புகலாக அனுமதிக்கப்படலாம். காலமெல்லாம் தொடரும் அகற்றுச் செலவு அதன் விலை.

விசாரணையும் இரு கேள்விகளும்

விதித்தளர்வு கோருபவர் இரண்டு கூறுகளை மெய்ப்பிக்க வேண்டும். சூழல்கள் யாவற்றையும் நோக்கும்போது விதியை அப்படியே செயற்படுத்துவது வெளிப்படையான அநீதியாகும் என்பது ஒன்று. விதியை அப்படியே பின்பற்றாமலும், அது தரும் பாதுகாப்புக்குக் குறைவற்ற பாதுகாப்பை எய்த இயலும் என்பது மற்றொன்று. 1978 விதித்தொகுப்பிலும் இவ்விரு நிபந்தனைகளின் முன்வடிவம் இருந்தது. புதுக் கட்டடத்துக்குத் தளர்வு கேட்போர், விதியைச் செயற்படுத்தினால் தம் நிலத்தின் பயன் ஏறக்குறைய முழுவதும் பறிபோகும் என்று காட்ட வேண்டும். இருக்கும் வீட்டுக்கும் வெறும் மனைக்கும் இடையே விதி வைத்த வேறுபாடு இது.

முதற்கேள்வி வரலாற்றைக் கேட்கிறது: மனை எப்போது பிரிக்கப்பட்டது, வீடு எப்போது எழுந்தது, உரிமையாளர் இந்நெருக்கடியைத் தாமே வருவித்துக் கொண்டாரா? இரண்டாம் கேள்வி மண்ணைக் கேட்கிறது. இரண்டும் ஒருங்கே நிறைவேற வேண்டும். இரக்கம் மட்டும் போதாது. பொறியியல் மட்டும் போதாது.

மண்ணைக் கேட்கும் முறையும் 1995இல் மாறியது. உறிஞ்சுதிறன் சோதனையோடு, சான்று பெற்ற மண் மதிப்பீட்டாளர் ஆழ்குழி தோண்டி மண்ணடுக்குகளைப் பதிவு செய்ய வேண்டும். வாரியத்தின் பிரதிநிதி உடனிருந்து சான்றளிக்க வேண்டும். கோடையின் வறண்ட நாளில் குழியில் நீர் காணப்படாமற்போகலாம். ஆனால் நீர் நின்று வடிந்த மண்ணில் இரும்பு கரைந்தும் படிந்தும் உண்டாகும் சாம்பல் நிறமும் செம்பழுப்புத் திட்டுகளும் உயர்மட்டத்தை உரைத்துவிடும். நிலத்தின் நினைவைப் படிக்கும் இம்முறை, ஒரு நாள் சோதனையை நம்பிய பழைய முறையினும் உறுதியானது.

அண்டை நில உரிமையாளர்களுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் பதிவஞ்சலில் அறிவிப்பு அனுப்புவது விண்ணப்பதாரரின் கடமை. இக்கடமையால் விசாரணை ஒரு தொழில்நுட்ப ஆய்வாக மட்டும் அமையாமல் ஊர் வழக்காகவும் ஆகிறது. நிலத்தடி நீருக்கு மேல் போதிய உயரம் பெற, படுகையை மண்மேட்டின் மீது தூக்கிக் கட்டுவது வழக்கம். மேடு உயர்ந்தால் மழைநீர் அண்டை மனைக்கு ஓடும். எல்லையில் தடுப்புச் சுவர் எழுந்தால் கண்ணுக்கு உறுத்தும். அண்டைக் கிணற்றுக்கு 100 அடி இல்லையெனில் அந்தக் கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தளர்வு ஒருவருக்கு வழங்கப்படும்போது அதன் ஆபத்தில் ஒரு பங்கு அண்டையாருக்குப் போகிறது என்ற உண்மையை இவ்வறிவிப்பு ஏற்றுக்கொள்கிறது.

படுக்கையறைக் கணக்கு

வாரியங்களின் முன் எழும் வாதங்களில் தனித்தன்மை கொண்டது படுக்கையறை பற்றியது. வீட்டில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்று விதி கேட்பதில்லை. ஒரு படுக்கையறைக்கு நாளொன்றுக்கு 110 கேலன் என்று கணக்கிடுகிறது. ஏறத்தாழ 416 லிட்டர் அது. தனி வீட்டுக்கான குறைந்தபட்சக் கணக்கு 330 கேலன், அதாவது மூன்று படுக்கையறை. குடியிருப்போர் மாறுவர், சுவர் மாறாது என்பது இதன் தருக்கம்.

எனவே எது படுக்கையறை என்பது சட்டச் சிக்கலாயிற்று. தனிமை தரும் அறை, 70 சதுர அடிக்குக் குறையாத பரப்பு, வரையறுத்த கூரை உயரம், சன்னல் முதலியன இருந்தால் அது படுக்கையறை. வீட்டின் மொத்த அறைகள் எட்டுக்கு மேற்பட்டால், அவ்வெண்ணில் பாதி படுக்கையறை என்று கொள்ளப்படும். வரைபடத்தில் ‘படிப்பறை’ என்றும் ‘தையலறை’ என்றும் எழுதப்பட்டவற்றை வாரியம் ஐயத்தோடு நோக்குவதன் காரணம் இதுவே. மேம்பாட்டுக்கான சலுகை, வீட்டைப் பெரிதாக்கும் வாய்ப்பாக மாறிவிடக் கூடாது. ஆகவே தளர்வோடு ஒரு நிபந்தனை சேர்க்கப்படுவது உண்டு: வீட்டின் படுக்கையறை எண்ணிக்கையை வரம்பிட்டு நிலப்பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஒரு மாலைக் கூட்டத்தின் முடிவு அப்பத்திரத்தின் வழி அடுத்த தலைமுறை உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறது.

உள்ளூர் அதிகாரத்தின் எல்லை

மாநிலப் பொதுச் சட்டங்களின் 111ஆம் அதிகாரம், 31ஆம் பிரிவு, வாரியங்கள் நியாயமான நலவாழ்வு விதிகளை இயற்ற அதிகாரம் தருகிறது. கேம்பிரிட்ஜ் நகர நலவாழ்வு ஆணையர் வேதிப்போர்ப் பொருள் சோதனைக்கு விதித்த தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1985இல் ஏற்றுக்கொண்டபோது, இத்தகைய விதிகள் செல்லத்தக்கவை என்னும் அனுமானத்தோடு தொடங்க வேண்டும் என்ற நெறியை வலியுறுத்தியது. கழிவுநீர் வழக்கு அன்று எனினும், உள்ளூர் விதியைத் தாக்குவோர் மீதே மெய்ப்பிக்கும் சுமை விழும் என்பதால் அத்தீர்ப்பு வாரியங்கள் அனைத்துக்கும் அரணாயிற்று.

ஐந்தாம் தலைப்பு ஒரு கீழ்வரம்பு மட்டுமே. ஊர்கள் அதனினும் கடுமையான விதி வகுக்கலாம். கேப் காட் பகுதியின் ஊர்கள் பல, சதுப்பு நிலத்துக்கு 50 அடி என்றதை 100 அடியாக உயர்த்தின. இதனால் ஒரே மேம்பாட்டுக்கு மாநில விதியிலிருந்து ஒரு தளர்வும் ஊர் விதியிலிருந்து வேறொரு தளர்வும் தேவைப்படும் நிலை உண்டாயிற்று. விதி எவ்வளவு கடுமையாகிறதோ அவ்வளவுக்குத் தளர்வு வழக்கமாகிறது. தளர்வு வழக்கமானால், உண்மையான விதி நூலில் எழுதப்பட்டதா, வாரியத்தின் முன்முடிவுகளில் படிந்ததா என்னும் கேள்வி எழுகிறது.

வாரியங்களுக்குச் செலவு பற்றிய கவலையும் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் மாநிலம் உருவாக்கிய கடன் திட்டத்தின்படி, ஊரே மேம்பாட்டுச் செலவுக்குக் கடன் அளித்து, சொத்து வரியோடு இருபது ஆண்டுகள் வரை தவணையாகத் திரும்பப் பெறலாம். வருமான வரிச் சலுகையும் சேர்ந்தது. 6,000 டாலராக இருந்த அதன் உச்சவரம்பு 2023இல் 18,000 டாலராக உயர்த்தப்பட்டது. அநீதி என்னும் சொல்லின் கீழ் விசாரணையில் பேசப்பட்ட பணச்சுமையில் ஒரு பகுதியேனும் இவ்வாறு விசாரணைக்கு வெளியே தீர்வு கண்டது.

கேப் காட்: நிகரான பாதுகாப்பின் குறைபாடு

பார்ன்ஸ்டபிள் மாவட்டம் எனப்படும் கேப் காட், பனியாறு விட்டுச் சென்ற மணற்றிட்டு. பதினைந்து ஊர்கள் அதில் உள்ளன. 1950இல் 46,805 ஆக இருந்த மக்கள்தொகை 2000இல் 2,22,230 ஆக உயர்ந்தது. கோடைக் குடில்கள் ஆண்டு முழுதும் வாழும் வீடுகளாயின. குடிநீரும் கழிவுநீரும் ஒரே மணலில் இருந்தன. நடுவண் சுற்றுச்சூழல் முகமை 1982இல் அதன் நிலத்தடி நீரை அப்பகுதியின் ஒரே குடிநீர் ஆதாரம் என அறிவித்தது.

குடிநீரைக் காக்க நைட்ரேட் நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்னும் வரம்பு இருந்தது. இதனை ஒட்டி, நைட்ரஜனால் பாதிக்கப்படும் பகுதிகளில் புதுக் கட்டடங்களுக்கு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 440 கேலன் என்று 1995 விதி வரம்பிட்டது. 40,000 சதுர அடி ஏக்கரில் அது 10,000 சதுர அடிக்கு ஒரு படுக்கையறை. முன்னர் எண்ணிய 5,000 சதுர அடி மனைக்கு இக்கணக்கில் அரைப் படுக்கையறையே கிட்டும். ஆனால் அங்கு மூன்று படுக்கையறை வீடு ஏற்கெனவே நிற்கிறது. இவ்வரம்பு பழைய வீட்டின் மேம்பாட்டைக் கட்டுப்படுத்தவில்லை.

கழிமுகங்களின் நிலையோ குடிநீரினும் நுண்மையானது. குடிநீர் வரம்பைவிட மிகக் குறைந்த நைட்ரஜனே கடற்பாசிகளைப் பெருக்கி, ஒளியை மறைத்து, கடற்புல் தரைகளை அழிக்கப் போதும். கடற்புல் அழிந்தால் சிப்பிவகையும் இளமீனும் புகலிழக்கும். மாநிலச் சுற்றுச்சூழல் துறையும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மவுத் வளாகமும் இணைந்து 2001இல் தொடங்கிய கழிமுக ஆய்வுத் திட்டம், ஒவ்வொரு கழிமுகமும் எவ்வளவு நைட்ரஜனைத் தாங்கும் என்று கணக்கிட முனைந்தது. கேப் காட்டில் கட்டுப்படுத்தத்தக்க நைட்ரஜனில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து வருவதாக வட்டாரத் திட்ட ஆவணங்கள் மதிப்பிடுகின்றன.

இங்கு விதித்தளர்வின் இரண்டாம் கேள்வி தன் குறையை வெளிப்படுத்துகிறது. நிகரான பாதுகாப்பு என்றால் எதற்கு நிகர்? விதியை முழுதும் ஒட்டிய ஒரு வழக்கமான அமைப்புக்கு நிகர். ஆனால் அவ்வமைப்பே நைட்ரஜனில் பெரும்பகுதியை நீக்குவதில்லை. நிலத்தடி நீருக்கு மேல் 4 அடி மணல் நோய்க்கிருமிகளை வடிகட்டும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் தடையின்றி நீரோடு சென்று கழிமுகத்தை அடையும். லாரன்ஸ் நிலையம் வெற்றியெனக் கண்ட அதே வேதிமாற்றம் இது. எனவே ஒரு வாரியம் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நேர்மையாக ஆய்ந்து, ஒவ்வொன்றிலும் நிகரான பாதுகாப்பை உறுதிசெய்து, ஒரு பிழையும் செய்யாமலே தன் ஊரின் கழிமுகம் கெடுவதைக் கண்டிருக்க இயலும். குறை வாரியத்தின் நேர்மையில் இல்லை. அளக்கும் அலகில் இருந்தது.

சில வாரியங்கள் இதனை உணர்ந்து, தளர்வுக்கு நிபந்தனையாக நைட்ரஜன் நீக்கும் மாற்றுத் தொழில்நுட்ப அமைப்புகளைக் கோரின. அவற்றை மதிப்பிட கேப் காட்டிலேயே 1999இல் ஒரு சோதனை மையம் உருவாயிற்று. ஆயினும் இவ்வழியில் ஒரு நேர்மைச் சிக்கல் இருந்தது. பெரிய மனையுடையவருக்குத் தளர்வு தேவையில்லை. அவர் வழக்கமான அமைப்பை நிறுவி அதே கழிமுகத்துக்கு அதே நைட்ரஜனை அனுப்பலாம். சிறு மனையுடையவர் மட்டுமே வாரியத்தின் முன் வந்தார். ஆகவே கூடுதல் செலவும் தொடர் பராமரிப்பும் அவர்மீதே விழுந்தன. கழிமுகத்தைக் காக்கும் சுமை மனையின் அகலத்தைக் கொண்டு பங்கிடப்பட்டது.

மனையிலிருந்து நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு

மாற்றம் வாரியங்களுக்கு வெளியிலிருந்து வந்தது. நடுவண் தூய நீர்ச் சட்டத்தின் கீழ்ச் சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்குகளை அடுத்து, கேப் காட்டின் நீர்த்தர மேலாண்மைத் திட்டம் புதுப்பிக்கப்பட்டு 2015இல் ஒப்புதல் பெற்றது. 2018இல் பிளசன்ட் பே என்னும் வளைகுடாவைப் பகிரும் புரூஸ்டர், சாட்டம், ஹார்விச், ஆர்லியன்ஸ் ஆகிய நான்கு ஊர்கள் கூட்டாக முதல் நீர்ப்பிடிப்பு அனுமதியைப் பெற்றன. ஊர் எல்லையை மீறி, நீர் பாயும் எல்லையே பொறுப்பின் எல்லையாகக் கொள்ளப்பட்டது இதன் சிறப்பு.

2023 ஜூலை 7இல் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தங்கள் இதனைப் பொது நெறியாக்கின. நைட்ரஜனால் கேடுறும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், ஊர் இருபதாண்டு அனுமதி பெற்றுக் கழிவுநீர்க் குழாய், கூட்டுச் சுத்திகரிப்பு முதலிய வழிகளில் மொத்த நைட்ரஜனைக் குறைக்கலாம். அவ்வாறு முன்வராவிடில், குறித்த கால வரம்புக்குள் ஒவ்வொரு வீட்டு அமைப்பும் நைட்ரஜன் நீக்கும் தொழில்நுட்பத்துக்கு மாற வேண்டும். பழுதுறாத அமைப்புக்கும் பெரிய மனைக்கும் இது பொருந்தும். தளர்வு கோரி வந்தவர் மட்டுமே சுமந்த பாரம் முதன்முறையாக அனைவர்மீதும் பரவியது. அதேவேளை, பழுது என்னும் சொல்லே தேவையற்றுப்போனது. மண்ணுக்குள் ஒழுங்காக இயங்கும் அமைப்பையும் மாற்ற வேண்டியுள்ளது என்பதை உரிமையாளர்களுக்கு விளக்கும் பணி ஊர் அமைப்புகளைச் சேர்ந்தது.

முடிவுரை

மாசசூசெட்ஸ் ஊர் வாரியங்களின் விதித்தளர்வு அதிகாரம், அண்டையாருக்குக் கேடு தடுத்தல் என்னும் பழைய கடமையிலிருந்து கிளைத்தது. அண்டையார் யார் என்பதற்கான விடை காலந்தோறும் விரிந்து வந்துள்ளது. முதலில் நாற்றம் எட்டும் வீட்டார். பின்னர் 100 அடிக்குள் கிணறு வைத்திருந்தவர். இறுதியில் மைல்கள் தொலைவிலுள்ள கழிமுகமும் அதன் கடற்புல்லும். பதிவஞ்சலில் அறிவிப்புப் பெறும் அண்டையார் பட்டியலில் கழிமுகத்துக்கு இடமில்லை. தளர்வு முறையின் ஆற்றலும் குறையும் இந்த ஓர் உண்மையில் அடங்கியுள்ளன.

தளர்வை விதியின் ஓட்டையாகக் காண்பதும், உள்ளூர் அறிவின் வெற்றியாகப் போற்றுவதும் போதிய விளக்கங்கள் ஆகா. விதிக்கு முந்திய மனைகளில் வாழ்ந்தோரை வீடற்றவராக்காமல், கிணற்று நீரைக் காத்தது தளர்வு முறை. நீதியையும் பாதுகாப்பையும் ஒருசேரக் கேட்ட அதன் இரு கேள்விகள் இன்றும் பொருளுடையவை. எந்த எல்லைக்குள் நின்று அவற்றைக் கேட்பது என்பதே மாறியுள்ளது. 2023க்குப் பின்னும் சிறு மனைகள் சிறு மனைகளாகவே இருக்கும். படுகைக்கும் கிணற்றுக்கும் இடையிலான அடிக்கணக்கு வாரியத்தின் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த மேசையில் படிந்த கூட்டக் குறிப்புகள், மண் பதிவுகள், படுக்கையறை வரம்புப் பத்திரங்கள் ஆகியன சுற்றுச்சூழல் வரலாற்றாய்வாளர் இன்னும் முழுமையாகத் திறக்காத ஆவணக் களம். சட்டநூல் காட்டாத விதியின் வாழ்க்கையை அவற்றின் வழியே எழுத இயலும்.